மஞ்சுளாவுக்கு எந்த ல?

செப்டம்பர் 14, ஞாயிறு

வானம் தெளிவு. மேல்காற்று.

இது நானே எழுதுவது. என் பெயர் எத்திராசு. எழுபது தாண்டிவிட்டது. போன தை வரைக்கும் நான் கைநாட்டு. இப்போது இல்லை.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். வீட்டில் டீக்கடைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். மகன் பலராமனுக்கும் மருமகள் மஞ்சுலாவுக்கும் தெரியாது. ஒருநாள் பேங்கில் மை டப்பாவை என் பக்கம் நீட்டுவார்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனா கேட்பேன். பலராமன் முகம் எப்படிப் போகும்! நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது, அவ்வளவு சிரிப்பு. அதனால் முதல் கையெழுத்தை இன்னும் எதிலும் போடாமல் வைத்திருக்கிறேன்.

ரோசி டீச்சர் சொன்னது: "தெனம் நாலு வரி எழுதணும் தாத்தா. எழுத ஒண்ணும் இல்லன்னா வானத்தப் பாத்து எழுதுங்க. அது தெனம் மாறும்."

நாலு வரிக்கு மேலே போய்விட்டது. விரல் வலிக்கிறது. நல்ல வலி.

செப்டம்பர் 16, செவ்வாய்

வெயில். மேல்காற்று, காய்ந்த காற்று.

காலையில் மஞ்சுலாவுக்கு மறுபடியும் மூச்சு இழுப்பு. நெஞ்சுக்குள் யாரோ நின்று உதைப்பது போல் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கழுத்து நரம்பு கயிறாகிவிட்டது. உதடு நாவற்பழ நிறம். பலராமன் அவள் முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தான். அடித்தால் மூச்சு திறக்கும் என்று யாரோ சொன்னார்களாம். மூச்சு திறக்கவில்லை. முதுகு சிவந்ததுதான் மிச்சம்.

பிறகு தோப்புக்குப் போனேன். இந்த ஊரில் சவுக்கு வைத்த முதல் ஆள் நான். மற்றவர்கள் எல்லாரும் மல்லாட்டைதான், வேர்க்கடலை. என் தோப்பு வீட்டுக்கு மேற்கே இருக்கிறது, நடுவில் காசாம்பு வீடு. இந்த வருடம்தான் மரங்கள் இப்படிப் பூத்திருக்கின்றன. ஊசி இலை நுனியெல்லாம் பழுப்பு. கழியால் ஒரு தட்டுத் தட்டினால் மஞ்சள் புகை கிளம்புகிறது. பம்புசெட்டுத் தொட்டி மூடிமேல் தூளாகப் படிகிறது. அதில் விரலால் எழுதலாம். ஊதினால் போதும், பலகை புதிதாகிவிடும். ஆனா ஆவன்னா முழுக்க அதில்தான் பழகினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

வெயில் வரப்போகிறது. பனி இல்லை. காற்று விடியலிலேயே எழுந்துவிட்டது.

இன்று ஒரு முழுப் பெயர் எழுதினேன். என் பெயர் அல்ல. நாலு எழுத்து, நடுவில் ஞ் வரும். ஞ எழுதுவது பாம்பைக் கூடையில் அடைப்பது மாதிரி. வால் வெளியே நின்றுவிடும். அழித்து அழித்து எழுதி, கடைசியில் நின்றது.

பலகை எங்கள் வாசற்படிதான். ராத்திரி முழுக்கத் தூள் விழுந்து, சலித்த மாவு மாதிரி வழவழவென்று இருந்தது. தெருவில் குத்துக்காலிட்டு எழுதினேன். எழுந்து நின்று பார்த்தேன். அழிக்க மனசு வரவில்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

நான் திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். பலராமன்தான் முதலில் கதவைத் திறந்திருக்கிறான். வீட்டுக்குள்ளிருந்து வருகிறவனுக்கு எழுத்து தலைகீழாகத் தெரியும். அது எனக்குத் தோன்றவில்லை.

"மஞ்சளத் தூவி எம் பொண்டாட்டி பேரத் தலகீழா எழுதி வெச்சிருக்காங்கடா! தெனம் இழுக்குதே, இதான்டா!" என்று கத்தினான்.

எதிர்வீட்டு நாகப்பன் குனிந்து பார்த்தான். "எழுத்தும் தப்பு பாரு. பேரக் கொறயா எழுதுனா ஆளும் கொறஞ்சிகினே போவும்."

மஞ்சுலாவின் அண்ணன் கோதண்டன் பக்கத்து ஊரிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். கேட்ட முதல் கேள்வி: "இந்தத் தெருவுல மஞ்ச வெச்சினுகீறவ யாரு?"

எல்லாரும் காசாம்பு வீட்டைப் பார்த்தார்கள். அவள் கோயில் வாசலில் மஞ்சள் குங்குமம் விற்கிறவள். புருசன் இல்லை. வாய் உண்டு. சாக்கடைத் தண்ணீர் விசயத்தில் பலராமனுக்கும் அவளுக்கும் ஆகாது.

"நைனா, காலையில நீ தான முன்ன எழுந்த? யாரையாவது பாத்தியா?" என்றான் பலராமன்.

"பாக்கல" என்றேன்.

அது உண்மைதான். நான் யாரையும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

வெயில். காற்று நேற்று போலவே.

புரட்டாசி முதல் சனி. பெருமாள் கோயில் வாசலில் நல்ல கூட்டம். பலராமன் நேராகப் போய்க் காசாம்புவின் தட்டை எட்டி உதைத்தான். குங்குமம் சனங்கள் காலில் எல்லாம் தெறித்தது.

"எவ்வளோ நாளாடி வெக்கிற?"

"என்னாத்தடா வெச்சேன்?"

"எம் பொண்டாட்டி பேர எழுதல நீ?"

காசாம்பு இடுப்பில் கை வைத்து நின்றாள். "டேய் பலராமா, நான் எட்டாங் கிளாசு. நான் எழுதியிருந்தா மஞ்சுளாவுக்குக் குண்டு ள போட்டிருப்பேன். எவனோ கைநாட்டு எழுதியிருக்கான். போயி அவனத் தேடு!"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் பலராமனுக்குத் தாங்கவில்லை. அறைந்தான். அவள் உதடு கிழிந்தது. கோதண்டன் அவள் முடியைப் பிடித்து இழுத்துக் கோயில் மதிலில் முட்டினான். நாமம் போட்டுக்கொண்டு வந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நானும் நாமம் போட்டிருந்தேன்.

இன்று கற்றது: மஞ்சுளா. குண்டு ள. வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். ள அழகான எழுத்து.

செப்டம்பர் 22, திங்கள்

நேற்று இரவெல்லாம் தூறல். காற்று செத்துக் கிடக்கிறது.

படியில் தூள் இல்லை. மஞ்சுளா நன்றாக மூச்சு விடுகிறாள். இட்லி சுட்டாள், பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

கோதண்டன் சொல்கிறான்: "பாத்தியா மச்சான், ஒரு அறைக்கே அடங்கிடிச்சி."

செப்டம்பர் 23, செவ்வாய்

வெயில். மேல்காற்று திரும்பிவிட்டது. இழுப்பும் திரும்பிவிட்டது. கோதண்டன் காசாம்பு வீட்டு ஓடுகளையெல்லாம் கல்லால் அடித்து நொறுக்கினான். "அடி பத்தல" என்கிறான்.

செப்டம்பர் 24, புதன்

வெயில். தூசிக் காற்று.

மஞ்சுளாவை நான் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பலராமன் வரவில்லை. மந்திரக்கட்டுக்கு ஊசி எதற்கு என்கிறான்.

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு படம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். கீழே எழுத்து. மஞ்சுளா கண்ணை மூடியிருந்தாள், அதனால் தைரியமாக எழுத்துக் கூட்டினேன். ம. க. ர. ந். த. ம். இவன் யார், மகரந்தம்? ஆள் பெயர் மாதிரி இருந்தது. "மகரந்தம் வரும் காலம் எச்சரிக்கை" என்று போட்டிருந்தது. ரவுடியாக இருப்பானோ என்று நினைத்தேன்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "ஆளு இல்ல பெரியவரே. பூவுல இருக்கிற தூள். உங்க வீட்டுகிட்ட என்ன மரம்?"

"சவுக்கு. எம்மாந் தூள் கொட்டுது தெரியுமா!" என்று பெருமையாகச் சொன்னேன்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "காத்து காஞ்சி அடிச்சா இந்தம்மாவுக்கு அதிகமாகுதா?"

"ஆமா."

"மழ பெஞ்சா?"

 "அடங்கிடுது" என்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். வெயிலில் பூ காய்ந்து திறக்குமாம். காற்று தூளைத் தூக்கிக்கொண்டு போகுமாம். தூறல் விழுந்தால் தூள் தரையில் படிந்துவிடுமாம். "ஆனா இடி மழைக்கு முன்னாடி ஒரு காத்து வரும் பாருங்க, அதுதான் எமன். அந்த ஈரத்துல தூள் ஒண்ணொண்ணும் வெடிச்சி இன்னும் பொடியாப் போவும். நேரா நுரையீரல் அடி வரைக்கும் எறங்கும். அந்த நேரத்துல இவங்கள வெளிய விடாதீங்க." வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து ஒன்று கொடுத்தார்.

பஸ்ஸில் மஞ்சுளா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். என் மரம் அவளைக் கொல்கிறது. அதற்குக் காசாம்பு அடி வாங்குகிறாள்.

செப்டம்பர் 25, வியாழன்

வெயில்.

பலராமனிடம் சொன்னேன். மந்திரம் இல்லை, சவுக்குப் பூத் தூள்தான், டாக்டரம்மாவே சொன்னார், வீட்டுப் பக்கத்து வரிசையை வெட்டிவிடலாம் என்றேன்.

அவன் கேட்டது ஒன்றுதான். "தூளு மரத்துது. சரி. பேரு? மரமா நைனா எழுதிச்சி?"

கோதண்டன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

செப்டம்பர் 27, சனி

வெயில். காற்று சீறுகிறது.

கோதண்டன் குறி கேட்டுவிட்டு வந்திருக்கிறான். மேற்கேயிருந்து வருகிறது, காற்று வழியாக வருகிறது என்று குறியில் வந்ததாம். குறி சொன்னவன் பொய் சொல்லவில்லை. மேற்கே முதலில் இருப்பது காசாம்பு வீடு. அதற்குப் பின்னால்தான் என் மரம்.

அவளை ஊரைவிட்டு ஓட்டாமல் விடுவதில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். ஓடாவிட்டால் என்ன செய்வது என்றும் பேசிக்கொள்கிறார்கள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுத்தெல்லாம் தெரிந்தும் வரவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

வெயில்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பலராமன் கழி சீவிக்கொண்டிருந்தான். என் தோப்புக் கழி.

"இன்னா நைனா?"

"கழி நேரா இருக்குது" என்றேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மதியம். காற்று திடீரென்று நின்றுவிட்டது. இலை ஆடவில்லை. மேற்கே வானம் அடுப்புக்கரி. தூரத்தில் உருட்டுகிறது. மஞ்சுளாவை உள்ளே

அக்டோபர் 2, வியாழன், விசயதசமி

அந்த வரியை நான் முடிக்கவில்லை. கொடியில் காய்ந்த துணியை எடுக்க மஞ்சுளா பின்பக்கம் ஓடுவதைப் பார்த்தேன். நோட்டைப் போட்டுவிட்டு எழுவதற்குள் காற்று வந்துவிட்டது.

அப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை. மழைக்கு முன்னால் வருகிற குளிர்ந்த காற்று, மேற்கிலிருந்து சுவர் மாதிரி வந்தது. தோப்பு மொத்தமும் ஒரே பக்கம் படுத்து எழுந்தது. எழும்போது மஞ்சளாக ஒரு புகை கிளம்பிக் காசாம்பு வீட்டைத் தாண்டி எங்கள் கொல்லைமேல் கவிழ்ந்தது. மஞ்சுளா கையில் புடவையோடு முட்டி போட்டுவிட்டாள். மருந்தை வாயில் வைத்து அழுத்தினேன். போதவில்லை. அவள் என் சட்டையைப் பிடித்துக் கிழித்தாள். கண் வெளியே வந்துவிடும் போல் இருந்தது.

"போவுதுடா உசுரு! இன்னும் என்னா பாத்துகினு கீற!" என்று கோதண்டன் கத்தினான். நான் "ஆட்டோ! ஆட்டோ கூப்பிடுங்கடா!" என்று கத்தினேன். நாகப்பன் ஆட்டோவுக்கு ஓடினான். பலராமனும் கோதண்டனும் கழியை எடுத்துக்கொண்டு காசாம்பு வீட்டுக்கு ஓடினார்கள்.

மஞ்சுளாவைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு நானும் ஓடினேன். காலுக்கு வயது தெரிந்தது.

ஆயுத பூசைக்கு விற்க என்று காசாம்பு மஞ்சள் மூட்டையைப் பிரித்து வாசலில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மழைக்கு அள்ளி உள்ளே வைக்கும் நேரத்தில் இவர்கள் போய் இறங்கினார்கள். பலராமன் அடித்தான். அவள் தலையைக் காக்கக் கையைத் தூக்கினாள். கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த சவுக்குக் கிளை முறிகிற அதே சத்தம். அவள் மஞ்சளுக்குள் விழுந்தாள். பலராமன் மறுபடி ஓங்கினான். இந்த முறை தலைக்கு.

நான் நடுவில் போய் நின்றேன். "நான்தான்டா எழுதனேன்!"

கோதண்டன், "பெரியவருக்கு எரக்கம் வந்துடிச்சி" என்றான்.

"தள்ளு நைனா. கைநாட்டு நீ. உனுக்கு எழுத வருமா?" பலராமன் என்னை ஒரு கையால் தள்ளினான். நானும் மஞ்சளில் விழுந்தேன்.

விழுந்த இடத்திலேயே எழுதினேன். கையால் மஞ்சளைத் தட்டிச் சமமாக்கினேன். ம. ஞ். சு. இப்போது எனக்குக் குண்டு ள தெரியும். ஆனாலும் அன்றைக்குப் போட்ட லாவையே போட்டேன். ஞ் மட்டும் தானாகவே அன்றைக்கு மாதிரி வந்தது. அந்த வாலை உள்ளே மடக்க எனக்கு இன்னும் வரவில்லை.

பலராமன் எதிரே நின்றான். அவனுக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது போலவே.

முதல் துளி ஞ மேல் விழுந்தது. பிறகு வானமே விழுந்தது. மஞ்சள் கரைந்து அவன் கால்வழியாக ஓடியது.  பிறகு கழியை என் தோளில் இறக்கினான். ஒரு அடிதான். ஆனால் முழு அடி. கழியை வீசிவிட்டு அவனே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

ஆட்டோ வந்தது. மஞ்சுளாவையும் காசாம்புவையும் ஒரே ஆட்டோவில் ஏற்றினோம். ஒருத்தி மூச்சுக்குத் துடிக்கிறாள், ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். வழியெல்லாம் இடி. செய்யூர் ரோட்டில் ஒரு வேப்பமரம் எங்களுக்கு முன்னால் இரண்டாகப் பிளந்தது. காசாம்பு வலியோடு வலியாகக் கேட்டாள்: "ஏன் அண்ணே, எழுதறதுக்கு உனுக்கு வேற எடமே கெடைக்கலியா?" 

ஆவி மருந்து வைத்து மஞ்சுளாவைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் காசாம்பு. கைக்கு மாவுக்கட்டு.

மறுநாள், நேற்று, ஆயுத பூசை. கோடாலி, வாள், அரிவாள் எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் இருந்தது. என் நோட்டையும் பேனாவையும் பக்கத்தில் வைத்தேன். இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது. அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது. ஆனால் மழையில் தூள் எல்லாம் அடங்கிக் கிடந்தது. இரண்டு நாள் காய்ந்தால் மறுபடி பறக்கும். வெட்டுவதானால் அன்றைக்கேதான். பெருமாளே என்று பொட்டோடு கோடாலியை எடுத்துக்கொண்டு போனேன்.

நான் மூன்று வெட்டு வெட்டுவதற்குள் தோள் விட்டுப்போயிற்று. பின்னால் யாரோ கோடாலியை வாங்கினார்கள். பலராமன்.  வீட்டுப் பக்கத்து வரிசை முழுக்க வெட்டினான். வெறி பிடித்தவன் வெட்டு. மரம் விழுந்தபோது நனைந்த தூள் சேறாக அவன் முகத்தில் அப்பிக்கொண்டது. நான் கிளை கழித்தேன்.

வேலை முடிந்ததும் சொன்னான்: "நைனா, ஆஸ்பத்திரியிலேர்ந்து போலீசுக்குச் சொல்லிட்டாங்களாம். அன்னிக்கி காத்து எப்டி அடிச்சிது! சவுக்கு முறிஞ்சி அவ கைமேல வுழுந்துச்சின்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

"அன்னிக்கி மரமா எழுதும்னு கேட்டியே" என்றேன். "இப்ப மரமா அடிக்கும்?"

அவன் வீட்டுக்கு வந்து கோடாலியைத் துடைத்துச் சாமி முன்னால் பழையபடி வைத்தான்.

இன்று காலை சாமியிடமிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏட்டு வந்திருந்தார். காசாம்பு சொன்னதை எழுதிக்கொண்டார். சாட்சி யார் என்று கேட்டார். பார்த்தவர்கள் ஒருத்தரும் வரவில்லை. கோதண்டன் ஊரிலேயே இல்லை. பலராமன் பிளாஸ்க்கில் காபியோடு கதவருகே நின்றான்.

"நான் பாத்தேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். படியில் எழுதியதிலிருந்து சொன்னேன். ஏட்டு வேகவேகமாக எழுதி முடித்து, மை டப்பாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். "கட்டவிரல் வை பெரியவரே."

நான் டப்பாவை மூடினேன். "படிச்சிப் பாத்துக்கிறேன்" என்றேன்.

ஏட்டு கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். சத்தமாகத்தான் எனக்குப் படிக்க வரும். வார்டு முழுக்கக் கேட்டது. "என் ம-க-ன் ப-ல-ரா-ம-ன், சவுக்குக் க-ழி-யா-ல்..." அந்த வரியைப் படிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. கடினமான எழுத்து ஒன்றும் அதில் இல்லை.

கீழே ஓர் இடத்தில் நிறுத்தினேன். "இந்த லா இல்லய்யா. மஞ்சுளாவுக்குக் குண்டு ள."

காசாம்பு பக்கத்துக் கட்டிலில் சிரித்து, கை வலித்து, திட்டி, மறுபடி சிரித்தாள். "ஏட்டய்யாவுக்கும் எழுத்துச் சொல்லிக் குடு அண்ணே!"

ஏட்டு திருத்தினார். பேனாவைக் கொடுத்தார். நான் மஞ்சுளாவைப் பார்த்தேன். அவள் புருசன்மேல் போகிற காகிதம் இது. அவள் மூக்கிலிருந்து முகமூடியை இறக்கினாள். கதவுப் பக்கம் திரும்பவில்லை.

"போடுங்க மாமா."

போட்டேன். எத்திராசு. கோணல் இல்லை. கோடு தாண்டவில்லை. இவ்வளவு அழகாக நான் இதுவரைக்கும் எழுதியதே இல்லை.

பலராமன் கட்டில் பக்கம் வந்து காகிதத்தைப் பார்த்தான். நான் நினைத்து நினைத்துச் சிரித்த முகம் அதுதான்.

"நைனா, எப்ப கத்துகின?"

"டீக்கடையில" என்றேன்.

ஏட்டு அவனை அழைத்துக்கொண்டு போனார். காபி பிளாஸ்க்கை அவன் சன்னலில் வைத்துவிட்டுப் போனான்.

இன்று வானத்தைப் பார்க்கவில்லை.